ஓமோன் ரிப்போர்ட் நோமல், ஸ்கானும் நோமல், வலி மட்டும் மாதாமாதம்: அடுத்து எங்கே போவது?

உப்புவெளிக்காரி

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்து வாசியுங்கள்.

எனக்கு வயது 27. திருகோணமலை டவுனில் ஒரு அலுவலகத்தில் வேலை. பெரியபிள்ளையான புதிதில் பெரிய கரைச்சல் ஒன்றும் இருக்கவில்லை. ஏ/எல் படிக்கிற காலத்தில்தான் வலி கூடத் தொடங்கியது. இப்போது பீரியட்ஸ் வருவதற்கு இரண்டு நாள் முன்பே நாரி உளையத் தொடங்கிவிடும். வந்த அன்று அடிவயிற்றைப் பிடித்துப் பிழிந்தெடுக்கும். தொடை இரண்டும் விறைக்கும், சத்தி வரும், சில மாதங்களில் கண் இருட்டிக்கொண்டு வரும். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொல்லத்தான் வேண்டும்: அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது உள்ளே குத்துகிற வலி தாங்க முடியாது. மாதத்தின் நடுவிலும் ஒரு பக்கம் மட்டும் இழுத்துப் பிடிக்கும்.

காட்டிய இடத்தில் "ஓமோன் பிரச்சினையாக இருக்கும்" என்றார்கள். தைரொயிட், புரோலாக்டின், எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்று எழுதித் தந்ததையெல்லாம் லாப்பில் செய்தேன். எல்லாம் நோமல். வயிற்றுக்கு மேலால் ஸ்கான் எடுத்தார்கள். கர்ப்பப்பையும் சூலகமும் சரி என்று வந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அந்த டொக்டர், "ஒன்றும் இல்லை, கலியாணம் கட்டினால் எல்லாம் சரியாகும்" என்றார். அம்மாவும் அதையே பிடித்துக்கொண்டார்.

ஒன்றும் இல்லையென்றால் இந்த வலி எங்கேயிருந்து வருகிறது? யாரிடம் போவது, போய் என்ன கேட்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பாலையூற்று அக்கா

தங்கச்சி, வாசிக்கவே மனம் கனத்துப் போச்சு. "பொம்பிளைப் பிள்ளையென்றால் இதெல்லாம் தாங்கத்தான் வேணும்" என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்துவிட்டார்கள். வலியில் சத்தி எடுத்து மயங்குகிற பிள்ளையைப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்ல எப்படி மனம் வருகிறதோ தெரியவில்லை.

இரண்டு கேள்வி. இரத்தம் படுதல் அதிகமா? பாட் எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மாற்றுகிறீர்கள்? மற்றது, என்ன மருந்து போடுகிறீர்கள், எப்போது போடுகிறீர்கள்?

உப்புவெளிக்காரி

நன்றி அக்கா. படுதல் முதல் இரண்டு நாள் கொஞ்சம் கூட, பிறகு சாதாரணம். கட்டி கட்டியாகப் போவதில்லை. மருந்து என்றால் முதலில் பனடோல்தான். தாங்கமுடியாமல் போனால் மெபனமிக் என்ற வலிக்குளிசை போடுவேன். வயிறு எரியும் என்ற பயத்தில் கடைசி வரைக்கும் பொறுத்துப் பார்ப்பேன்.

அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும். என் மேசை லாச்சியில் கம்பளி உறை போட்ட சுடுதண்ணிப் பை ஒன்று எப்போதும் கிடக்கும். தேத்தண்ணி போடுகிற அன்ரி கேட்காமலே கேத்தலில் தண்ணி கொதிக்க வைத்துத் தருவா.

உவர்மலைத் தாதி

தங்கச்சி, நான் டொக்டர் இல்லை. பெண் நோயியல் வார்டில் நெடுங்காலம் வேலை செய்த தாதி. நீங்கள் எழுதியதை வாசித்தவுடன் பதில் போடாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஒன்றை வடிவாக விளங்கிக்கொள்ளுங்கள். இரத்தத்தில் ஓமோன் அளவு சரியாக இருப்பது வேறு, உடம்பின் ஒரு பகுதி அந்த ஓமோனுக்கு எப்படி நடந்துகொள்கிறது என்பது வேறு. மழை எல்லாருக்கும் ஒரே அளவாகத்தான் பெய்யும், மேட்டுக்காணியில் ஓடிவிடும், பள்ளக்காணியில் முழங்காலுக்கு நிற்கும். லாப்பில் அளப்பது மழையை மட்டும்தான். அதனால் ரிப்போர்ட் நோமல் என்பதை வைத்து வலிக்குக் காரணம் இல்லை என்று யாரும் முடிவு கட்டக்கூடாது.

சாதாரண மாதவிடாய் வலி எப்படி வருகிறது என்றால், பீரியட்ஸ் வருவதற்கு முன் புரோஜெஸ்டெரோன் என்ற ஓமோன் இறங்கும். அப்போது கர்ப்பப்பையின் உட்சவ்வு புரோஸ்டாகிளண்டின் என்ற பதார்த்தத்தைச் சுரக்கும். அது கர்ப்பப்பைத் தசையை இறுக்கும், இறுகும்போது அங்கே இரத்த ஓட்டம் குறையும், அந்த நேரத்தில்தான் வலி. அது இரத்தத்தில் கலந்து போவதால்தான் சத்தி, வயிற்றோட்டம், தலையிடி. இந்த வகை வலி பெரும்பாலும் பெரியபிள்ளையாகி ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் தொடங்கும். படுவதற்குச் சில மணித்தியாலம் முன்போ படத் தொடங்கும்போதோ வரும், இரண்டு மூன்று நாளில் அடங்கும். வயது போகப் போகக் குறைவதுதான் வழமை.

உங்கள் வலி இந்த வழியில் போகவில்லை. சில வருடம் கழித்துத் தொடங்கியிருக்கிறது, வரவரக் கூடுகிறது, படுவதற்கு நாட்கள் முன்பே வருகிறது, மலம் கழிக்கும்போது குத்துகிறது, மாத நடுவிலும் இழுக்கிறது. இத்தனையும் சேர்ந்தால் பெண் நோயியல் மருத்துவர் முதலில் நினைக்க வேண்டியது எண்டோமெற்றியோசிஸ். கர்ப்பப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே, சூலகத்தில், குடலுக்கும் கர்ப்பப்பைக்கும் இடையில், சிறுநீர்ப்பையின் மேல் என்று ஒட்டி வளரும் நோய் அது. ஈஸ்ட்ரோஜன் என்ற ஓமோன் கிடைத்தால் வளரும். அந்தத் திசு தானே ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கும், புரோஜெஸ்டெரோன் சொல்லுக்கு அடங்காது. எல்லாம் அந்த இடத்திலேயே நடப்பதால் கையில் எடுக்கும் இரத்தத்தில் அது தெரியாது.

உலகத்தில் பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு, இது இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. திருமலையில் ஒரு பஸ் நிறையப் பெண்கள் ஏறினால் அதில் இரண்டு மூன்று பேருக்காவது இருக்கக்கூடும்.

ஸ்கான் விஷயம். சூலகத்தில் சொக்கலேட் சிஸ்ட், அதாவது பழைய இரத்தம் தேங்கிய கட்டி, இருந்தால் ஸ்கானில் தெரியும். பரவிக் கிடக்கும் சின்னச் சின்னப் படைகள் தெரியாது, அதுவும் வயிற்றுக்கு மேலால் எடுக்கும் ஸ்கானில் தெரியவே தெரியாது. "ஸ்கான் நோமல்" என்றால் பெரிய கட்டி இல்லை, அவ்வளவுதான். சிலர் சி.ஏ.125 என்று ஒரு இரத்தப் பரிசோதனைக்குக் காசு செலவழிப்பார்கள். எண்டோமெற்றியோசிஸ் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல அதுவும் உதவாது.

இப்போதைக்கு என் கருத்து இது: இன்னும் இன்னும் ஓமோன் பரிசோதனை செய்துகொண்டிருக்க வேண்டாம். வலியின் கதையை ஒழுங்காக எழுதி எடுத்துக்கொண்டு வி.ஓ.ஜி.யிடம், அதாவது பெண் நோயியல் மருத்துவரிடம், போங்கள்.

கிண்ணியா ராத்தா

அஸ்ஸலாமு அலைக்கும் எல்லாருக்கும். தங்கச்சி எழுதினது அப்படியே என்ட மூத்த மகளின் கதை. அதனால் நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன், யாருக்காவது உதவட்டும்.

மகளுக்கும் ஸ்கானில் ஒன்றும் வரவில்லை. கடைசியில் வேறு மாவட்டத்தில் ஒரு பெண் மருத்துவரிடம் காட்டினோம். அவ ரிப்போர்ட் ஃபைலைத் திறக்கவே இல்லை. "நீங்க சொல்லுங்க, எப்ப தொடங்குது, எங்க தொடங்குது" என்று மகளைத்தான் கேட்டா. மகள் கடைக் கலண்டரில் குறித்துவைத்திருந்தாள். அரிசிக் கடையில் தருகிற நாள் கலண்டர்தான். வலி இருந்த நாளில் சிவப்புப் பேனையால் பத்துக்கு எத்தனை என்று ஒரு இலக்கம். பட்ட நாளுக்கு ஒரு வட்டம், பள்ளிக்கோ வேலைக்கோ போகாத நாளுக்கு ஒரு பெருக்கல் அடையாளம், குளிசை போட்டால் "கு". அந்தத் தாள்களை வரிசையாக மேசையில் பரப்பி வைத்தோம். வட்டத்துக்கு முன்னுக்கே இலக்கம் ஏறத் தொடங்குகிறதை டொக்டர் விரலால் தொட்டுக் காட்டி, "இது சும்மா வலி இல்லை" என்றா. எனக்கு அந்த இடத்திலேயே கண் கலங்கிவிட்டது. அதுவரைக்கும் ஒருத்தரும் அப்படிச் சொல்லவில்லை.

பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்து, வயிற்றில் சின்னத் துளையிட்டுக் கமரா விட்டுப் பார்க்கிற லப்பரோஸ்கோப்பி செய்து, குடலுக்குப் பின்னால் இருந்த ஒட்டுகளை எடுத்தார்கள். இப்போது டயனோஜெஸ்ட் குளிசை ஒவ்வொரு நாளும். வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் பிள்ளை எழும்பி வேலைக்குப் போகிறாள்.

தங்கச்சி, கலண்டரில் குறியுங்கள். இன்றைக்கே தொடங்குங்கள்.

மூதூர் மருமகள்

எனக்கு ஒரு சந்தேகம், கோபிக்க வேண்டாம். டயனோஜெஸ்ட் எல்லாம் ஓமோன் குளிசைதானே? எங்கட மாமி சொல்லுவா, கலியாணம் கட்டாத பிள்ளைகளுக்கு ஓமோன் குளிசை கொடுத்தால் கர்ப்பப்பை காய்ந்துவிடும், பிறகு பிள்ளை தங்காது என்று. குடும்பக் கட்டுப்பாட்டுக் குளிசையும் இதுவும் ஒன்றுதானே?

எங்கள் வீட்டில் உழுத்தங்களி, நல்லெண்ணெய், வெந்தயம் ஊறப்போட்ட தண்ணி, இஞ்சித் தேத்தண்ணி, இவ்வளவும்தான். எனக்குக் கொஞ்சம் சுகம்தான்.

உவர்மலைத் தாதி

தங்கச்சி, கேட்டது நல்லது. இந்தப் பயம் நிறைய வீடுகளில் இருக்கிறது.

கூட்டுக் குளிசை, அதாவது இரண்டு ஓமோனும் சேர்ந்தது, எங்கள் நாட்டில் மிதுரி என்ற பெயரில் பல காலமாக இருக்கிற குளிசையும் அந்த வகைதான். அது முட்டை வெளியேறுவதை நிறுத்தும், கர்ப்பப்பை உட்சவ்வை மெல்லியதாக வைத்திருக்கும். சவ்வு மெலிந்தால் புரோஸ்டாகிளண்டின் குறையும், வலியும் குறையும். நிறுத்தினால் முட்டை திரும்ப வரும். பிள்ளை தங்காமல் போகும் என்பது சரியில்லை. மாறாக, எண்டோமெற்றியோசிஸைக் கவனிக்காமல் விட்டால்தான் பிற்காலத்தில் பிள்ளைப்பேறு கஷ்டமாகக்கூடும்.

டயனோஜெஸ்ட் வேறு. அது புரோஜெஸ்டெரோன் வகை மட்டும், ஒரு நாளைக்கு 2 மில்லிகிராம். அது எண்டோமெற்றியோசிஸ் சிகிச்சைக்கு. கர்ப்பத்தடைக்கு அதை நம்பக்கூடாது என்பதைக் கலியாணம் கட்டியவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். முதல் மாதங்களில் இடைக்கிடை சொட்டுச் சொட்டாகப் படும், தலையிடி வரலாம், சிலருக்கு மனம் சோர்ந்துபோகும். மனச்சோர்வு ஏற்கெனவே இருந்தால் டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

எல்லாருக்கும் எல்லாம் ஒத்துவராது. கண்ணில் மின்னல் அடித்துப் பிறகு ஒற்றைத் தலையிடி வருகிறவர்கள், காலில் இரத்தக் கட்டி வந்தவர்கள், பிரஷர் கூடியவர்கள், மிதுரி போன்ற கூட்டுக் குளிசையைக் கேட்காமல் போடவே கூடாது. பாமசியில் வாங்கி நீங்களே தொடங்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான்.

உழுத்தங்களியும் இஞ்சித் தேத்தண்ணியும் தாராளமாகச் சாப்பிடுங்கள். சூடு வைப்பது உண்மையாகவே வலியைக் குறைக்கும் என்று ஆராய்ச்சியிலும் கண்டிருக்கிறார்கள். ஆனால் மயங்கி விழுகிற வலிக்குக் களி கிண்டிக் கொடுத்துவிட்டுப் பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

கோணேசபுரி மாணவி

நான் இங்கே வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிறேன். எங்கள் துறை பற்றி யாராவது கேட்பார்கள் என்று நினைத்தேன், அதனால் நானே சொல்கிறேன். சூதகவலிக்கு எங்களிடமும் மருந்து இருக்கிறது, எண்ணெய் ஒத்தடம் இருக்கிறது, உணவுமுறை சொல்கிறோம். சாதாரண வலியோடு வருகிறவர்கள் சிலருக்கு நல்ல சுகம் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் முதலில் என்ன நோய் என்று தெரிய வேண்டும். உப்புவெளி அக்கா சொல்கிற மாதிரி அறிகுறிகளோடு ஒருவர் வந்தால் நாங்களும் "முதலில் பெண் நோயியல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்றுதான் சொல்ல வேண்டும். இன்னொன்று: பேப்பரில் சுற்றித் தருகிற, பெயர் எழுதாத சூரணம், உருண்டை எதையும் வாங்கிச் சாப்பிடாதீர்கள். ஆங்கில மருந்தோடு சேர்த்து எடுப்பதென்றால் இரண்டு பக்கத்துக்கும் சொல்லுங்கள்.

கன்னியா வெந்நீரூற்றில் குளித்தால் வலி போகுமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். வெந்நீர் உடம்பைத் தளர்த்தும், அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும். நோயை மாற்றாது.

உப்புவெளிக்காரி

எல்லாருக்கும் நன்றி. ராத்தா, உங்கள் மகளின் கலண்டரை வாசித்துவிட்டு நானும் தொடங்கியிருக்கிறேன்.

தாதி அக்கா, ஒரு விஷயம் பயமாக இருக்கிறது. கீழால் விட்டு எடுக்கிற ஸ்கான் என்று ஒன்று இருக்காமே. கலியாணம் கட்டாத பிள்ளைகளுக்கு அதைச் செய்வார்களா? அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை.

உவர்மலைத் தாதி

பயப்பட வேண்டாம். உடலுறவு கொள்ளாத பெண்ணுக்கு அந்த ஸ்கானை எங்கள் நாட்டில் வழமையாகச் செய்வதில்லை. உங்களைக் கேட்காமல் யாரும் எதையும் செய்யவும் கூடாது. ஆணோ பெண்ணோ, எந்த டொக்டராக இருந்தாலும் பரிசோதிக்கும்போது பக்கத்தில் ஒரு தாதி நிற்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம், அது உங்கள் உரிமை. அந்த ஸ்கான் முடியாதென்றால், சலப்பை நிறைந்திருக்கும்போது வயிற்றுக்கு மேலால் அனுபவமுள்ள ஒருவர் கவனித்துப் பார்ப்பது, தேவையென்றால் எம்.ஆர்.ஐ. என்று வழிகள் இருக்கின்றன.

எல்லாருக்கும் லப்பரோஸ்கோப்பி வேண்டும் என்றும் இல்லை. முன்பெல்லாம் வயிற்றில் துளையிட்டுக் கண்ணால் கண்டால்தான் எண்டோமெற்றியோசிஸ் என்று எழுதுவார்கள். மனித இனப்பெருக்கத்துக்கும் கருவியலுக்குமான ஐரோப்பியச் சங்கம் 2022 இல் வெளியிட்ட வழிகாட்டியில், அறிகுறிகள் பொருந்திவந்தால் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திராமல் ஓமோன் மருந்தைத் தொடங்கிப் பார்க்கலாம் என்று இருக்கிறது. குளிசைக்கு வலி அடங்காவிட்டால், அல்லது பிள்ளைக்கு முயற்சி செய்கிறவர்களென்றால், லப்பரோஸ்கோப்பி பற்றிக் கதைக்கலாம். சூலகத்துச் சிஸ்டை வெட்டி எடுக்கும்போது நல்ல முட்டைகளும் குறையக்கூடும், அதனால் அவசரப்பட்டு வெட்டச் சொல்லாதீர்கள்.

எங்கே போவது என்று முதலில் கேட்டீர்கள். திருகோணமலைப் பொது வைத்தியசாலையில் பெண் நோயியல் கிளினிக் இருக்கிறது, காசு இல்லை. ஓ.பி.டி.யிலோ வீட்டுக்குப் பக்கத்து டொக்டரிடமோ ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போனால் சுலபம். நேரம் இல்லையென்றால் பின்னேரம் தனியாரில் காசு கட்டிச் சனல் பண்ணலாம். குடும்பநல மாதுவைத் தெரிந்தால் அவவிடமும் கேளுங்கள், எந்தக் கிளினிக் எந்த நாள் என்று அவவுக்கு அத்துப்படி.

"கலியாணம் கட்டினால் சரியாகும்" என்றதற்கும் பதில் சொல்கிறேன். கர்ப்பமாக இருக்கும்போது பீரியட்ஸ் இல்லாததால் சிலருக்கு வலி குறையும். நோய் அங்கேதான் இருக்கும். கலியாணத்துக்குப் பிறகு உடலுறவின்போது ஆழத்தில் வலிக்கிறது என்று வாய் திறந்து சொல்ல முடியாமல் அழுத பெண்களை நான் வார்டில் கண்டிருக்கிறேன். வலியோடு இருக்கிற பிள்ளையைச் சிகிச்சை இல்லாமல் கலியாணம் கட்டிக் கொடுப்பது இரண்டு பேரையும் வருத்துவது. அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

கந்தளாய் அண்ணா

ஆம்பிளை ஒருத்தன் இங்கே எழுதலாமோ தெரியவில்லை. என் மனைவிக்காக எழுதுகிறேன், அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அவளுக்கு வலியோடு படுதலும் கடுமை. இரவில் துவாய் விரித்துத்தான் படுப்பாள். வயல் வேலையில் களைக்கிறாள் என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தோம். ஏணிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், நகம் வெளிறிப் போயிருந்தது. இரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 7. பிறகுதான் அடினோமயோசிஸ் என்றார்கள். உட்சவ்வுத் திசு கர்ப்பப்பைச் சுவரின் தசைக்குள்ளேயே ஊறிப்போகிறதாம். கர்ப்பப்பை பெருத்திருந்தது.

இரண்டு பிள்ளைகள் இருப்பதால் கர்ப்பப்பையை எடுக்கலாமா என்ற பேச்சும் வந்தது. அதற்கு முதல் கர்ப்பப்பைக்குள் வைக்கிற, ஓமோன் உள்ள லூப் வைத்துப் பார்ப்போம் என்றார் டொக்டர். செப்பு லூப் இல்லை, அது படுதலைக் கூட்டும். இது லெவோநோஜெஸ்ட்ரல் 52 மில்லிகிராம் உள்ளது, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளேயே விடும். முதல் மாதங்களில் சொட்டிக்கொண்டே இருந்தது, அவள் கழற்றச் சொல்லி அழுதாள். பிறகு குறைந்துவிட்டது. இப்போது மாதத்தில் ஒரு நாள் லேசாகக் காணும். முகத்தில் இரத்தம் தெரிகிறது.

கணவன்மார் வாசித்தால்: கிளினிக்குக்குக் கூடப் போங்கள். வெளியே மோட்டார் சைக்கிளில் இருக்காமல் உள்ளே போய் இருங்கள். என்ன வலி என்று அவள் சொல்ல வெட்கப்படுவதை நீங்கள் சொல்லலாம்.

பாலையூற்று அக்கா

தம்பி, நல்லாச் செய்தீர்கள். இரும்புச்சத்துக் குளிசை பற்றி ஒன்று சேர்க்கிறேன். படுதல் அதிகம் என்றால் ஹீமோகுளோபினோடு, உடம்பில் சேர்ந்திருக்கும் இரும்பைக் காட்டுகிற ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் நாட்டில் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் காவிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரத்தம் குறைந்ததுபோல் காட்டும், இரும்பு மட்டும் குறைந்திருக்காது. பார்க்காமல் மாதக்கணக்கில் இரும்பு விழுங்குவது நல்லதில்லை. குளிசையைத் தேத்தண்ணியோடு போடாதீர்கள், தேசிக்காய்த் தண்ணியோடு போடுங்கள்.

சாம்பல்தீவு

எனக்கு வலி பெரிதில்லை. ஆனால் பீரியட்ஸுக்கு முந்தைய கிழமை நான் நானாக இருப்பதில்லை. சின்ன விஷயத்துக்கு அழுகை, பிள்ளையில் எரிந்து விழுகிறது, சாகலாம்போல் இருக்கும். படத் தொடங்கியதும் ஒரு நாளில் எல்லாம் போய்விடும். இதுவும் ஓமோன்தானா?

உவர்மலைத் தாதி

தங்கச்சி, இதுவும் அதே கதைதான். ஓமோன் அளவு நோமலாக இருக்கும், அது ஏறி இறங்குவதை மூளை தாங்காது. இதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது. கலண்டரில் மனநிலையையும் இரண்டு மாதம் குறித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். சாகலாம்போல் இருக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணம் வருகிற நாளில் தனியாக இருக்கவே வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 க்கு அழையுங்கள், எந்த நேரமும் கதைக்கலாம். எனக்கும் தனியாக எழுதுங்கள்.

உப்புவெளிக்காரி

கொஞ்ச நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. என்ன நடந்தது என்று சொல்லாமல் விடக்கூடாது என்பதால் எழுதுகிறேன்.

கிளினிக்குக்குப் போனேன். அம்மாவும் கூட வந்தார். ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு போயிருந்தேன்: எப்போது தொடங்கியது, எந்த நாள் எங்கே வலி, மலம் கழிக்கும்போது வலி, மாத நடுவில் வலி, என்ன மருந்து போட்டேன், எதற்கு அடங்கியது, எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை. டொக்டர் அதை வாசித்துவிட்டுத்தான் கதைத்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். எண்டோமெற்றியோசிஸாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம், மூன்று மாதம் டயனோஜெஸ்ட் போட்டுப் பார்ப்போம், குறையாவிட்டால் எம்.ஆர்.ஐ.யும் லப்பரோஸ்கோப்பியும் யோசிப்போம் என்றார். கண் மின்னல் தலையிடி வருமா, மனச்சோர்வு இருக்கிறதா என்றெல்லாம் கேட்டார்.

அம்மா, "கலியாணம் கட்டினால்..." என்று தொடங்கினார். டொக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, இது வருத்தம். வருத்தத்துக்கு மருந்துதான்" என்றார். வெளியே வந்து அம்மா ஒன்றும் பேசவில்லை. பிறகு பாமசிக்கு அவரே முன்னால் போய் வரிசையில் நின்றார்.

மருந்து தொடங்கியாகிவிட்டது. இடைக்கிடை சொட்டுகிறது, அரியண்டம்தான். மலம் கழிக்கிற வலி குறைந்திருக்கிறது, நாரி உளைவு இன்னும் இருக்கிறது. முடிவு சொல்ல இன்னும் காலம் இருக்கிறது.

கிண்ணியா ராத்தா

அல்ஹம்துலில்லாஹ். சொட்டுகிறதுக்குப் பயந்து நடுவில் நிறுத்திவிட வேண்டாம் மகள். என்ட பிள்ளைக்கும் அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்துக்குப் போடுங்கள்.

நிலாவெளி அம்மா

எல்லாவற்றையும் இருந்து வாசித்தேன். என் மகளுக்கு 15 வயது. பெரியபிள்ளையாகி ஒரு வருடத்தால் வலி தொடங்கியது. படுகிற முதல் நாள்தான், இரண்டாம் நாள் பின்னேரம் சரியாகிவிடும். ஆனால் அந்த முதல் நாள் பள்ளிக்கூடம் போக ஏலாது. அடுத்த வருடம் ஓ/எல். இவ்வளவு சின்னப் பிள்ளையையும் வி.ஓ.ஜி.யிடம் கொண்டு போகவேண்டுமா? மெபனமிக் கொடுக்கலாமா?

உவர்மலைத் தாதி

அக்கா, மகளின் வலி நான் மேலே எழுதிய சாதாரண வகை மாதிரித்தான் தெரிகிறது. உடனே வி.ஓ.ஜி. தேவைப்படாது. முதலில் பக்கத்து டொக்டரிடம் காட்டி, வயிற்றுப்புண், இளைப்பு (ஆஸ்துமா), சிறுநீரக வருத்தம் ஒன்றும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெபனமிக் கேளுங்கள். வழமையான அளவு 500 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை. மகளின் நிறையைப் பார்த்து டொக்டர் சொல்கிற அளவைக் கொடுங்கள்.

மருந்தின் பலனே நேரத்தில்தான் இருக்கிறது. புரோஸ்டாகிளண்டின் சுரந்து முடிந்த பிறகு போட்டால் பாதிப் பலன். வலி கூடும்வரை பொறுத்திருக்கக் கூடாது. படத் தொடங்கியவுடன், அல்லது நாள் ஒழுங்காக வருகிற பிள்ளையென்றால் முதல் நாள் இரவே, சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டும். இரண்டு மூன்று நாள் நேரத்துக்குப் போட்டு நிறுத்திவிடலாம். உப்புவெளித் தங்கச்சியும் வயிறு எரியும் என்று கடைசி வரை பொறுப்பதாக எழுதியிருந்தார், அவருக்கும் இதைத்தான் சொல்கிறேன். வெறும் வயிற்றில் போட்டால் எரிவு கூடும்.

எங்கள் ஊரில் இன்னொரு கவனம் கட்டாயம் வேண்டும். காய்ச்சல் இருந்தால் மெபனமிக், புரூஃபன் எதுவும் கொடுக்கக் கூடாது. டெங்கு என்றால் இரத்தப்போக்கு வரக்கூடும். பனடோல் மட்டும்தான்.

இப்படி ஒழுங்காகப் போட்டும் மூன்று நான்கு மாதத்தில் குறையாவிட்டால், அல்லது வலி படுவதற்கு முன் நாட்களுக்கு நகர்ந்தால், வயதைப் பார்க்காமல் வி.ஓ.ஜி.யிடம் கொண்டு போங்கள். 15 வயதிலும் எண்டோமெற்றியோசிஸ் இருக்கும். திடீரென்று தாங்கமுடியாத வலி, காய்ச்சலோடு வலி, மயக்கம், ஒரு மணித்தியாலத்தில் பாட் நனைந்துபோகிற படுதல் என்றால் கிளினிக் நாள் பார்க்க வேண்டாம், நேரே பெரியாஸ்பத்திரி. வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.

நிலாவெளி அம்மா

விளங்கியது. மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது படத் தொடங்கினால்? ரீச்சர்மார் குளிசை போட விடுவார்களா?

பாலையூற்று அக்கா

நான் ரீச்சர்தான். டொக்டர் எழுதிய துண்டின் பிரதி ஒன்றை வகுப்பு ரீச்சரிடம் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். மகளின் பையில் ஒரு வேளைக் குளிசை, இரண்டு பிஸ்கட், ஒரு பாட், இவ்வளவும் சின்னப் பேர்ஸில் இருக்கட்டும். இடைவேளை வரைக்கும் காத்திருக்க வேண்டாம், கையை உயர்த்திக் கேட்டுவிட்டுப் போய்ப் போடச் சொல்லுங்கள்.